ஒரே கணக்கில் நான்கு தளங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து இருபதுக்கு என் நான்கு இணையதளங்களும் ஒன்றாக நின்றன. நேரம் நன்றாக நினைவிருக்கிறது. அதற்குச் சற்று முன்புதான் ஐந்தருவியின் படத்தை ஏற்றி, 'குளிக்கத் தடை' என்று தலைப்புப் போட்டிருந்தேன். சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்கத் திறந்தால் வெள்ளைப் பக்கம். நடுவில் ஒரே வரி: இந்தக் கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.

குற்றாலம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மழைக்கோட்டோடு ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்திருந்தேன். சாரல் செல்போன் திரையில் பொட்டுப் பொட்டாக விழுந்துகொண்டிருந்தது. முதலில் பதறவில்லை. சீசனில் இந்த அருவித் தளம் திணறுவது வழக்கம்தான், கொஞ்ச நேரத்தில் எழுந்துவிடும். பிறகு விரல் தானாகவே இன்னொரு முகவரியைத் தட்டியது. அது என் மகளின் தளம். அங்கேயும் அதே வெள்ளை, அதே வரி. அப்போதுதான் பதறி ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

எங்கள் ஊர்ப்பக்கம் சாரல் பிடித்துவிட்டால் உறவு பெருகும். ஆண்டு முழுக்க ஒரு வார்த்தை பேசாத ஒன்றுவிட்ட தம்பி கூப்பிடுவான். சுகம் விசாரிப்பெல்லாம் கிடையாது. எடுத்த எடுப்பில், "தண்ணி விழுதா?" அவ்வளவுதான். விழுகிறது என்றால் வேன் பிடித்துக் குடும்பத்தோடு வந்து இறங்குவான். இல்லை என்றால் அடுத்த வாரம் மறுபடி கூப்பிடுவான். தென்காசியில் வீடு வைத்திருக்கும் எல்லோருக்கும் இது நடக்கும். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போனபோது என் மனைவிதான் சொன்னாள், "தெனமும் ஒரு போட்டோ எடுத்து எங்கனயாவது போட்டுருங்க. கேக்குதவங்க பாத்துக்கிடட்டும். நமக்கும் வாய் வலிக்காதுல்லா."

அப்படித் தொடங்கியதுதான் அருவித் தளம். நான் ஒரு தனியார் கல்லூரியில் நூலகர். வேலைக்குப் போகும் முன் குற்றாலம் போய், மெயினருவி, ஐந்தருவி, பழைய அருவி என்று படம் எடுத்து, எங்கே குளிக்க விடுகிறார்கள், எங்கே தடை என்று எழுதிப் போடுவேன். உறவுக்காரர்களுக்காகப் போட்டது, கொஞ்ச காலத்தில் ஊர்பேர் தெரியாதவர்கள் எல்லாம் பார்க்கும் தளமாகிவிட்டது. அடுத்து செங்கோட்டை வழியாகப் போகிற ரயில்களின் நேரத்துக்கு ஒன்று. மூன்றாவது மனைவியின் சமையல் குறிப்புகள். அவள் அடுப்பருகே நின்று சொல்லுவாள், நான் தட்டச்சு செய்வேன். நான்காவது மகளுடையது. கல்லூரிக் காலத்தில் அவள் எழுதத் தொடங்கியபோது நான் அமைத்துக் கொடுத்தது.

நான்கையும் ஒரே ஹோஸ்டிங் கணக்கில் வைத்திருந்தேன். தளங்களின் கோப்புகள் எல்லாம் எங்கோ ஒரு சர்வரில் இருக்க வேண்டும், அந்த இடத்துக்கு வாடகை கட்ட வேண்டும், அதுதான் ஹோஸ்டிங். ஒரு தளத்துக்கு மட்டும் என்று ஒரு பிளான் இருந்தது. எத்தனை தளம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று அதற்கு மேல் ஒன்று. நான் இரண்டாவதை எடுத்தேன். ஒரே கடவுச்சொல், ஒரே புதுப்பித்தல், எல்லோரும் ஒரே கூரையின் கீழ். குடும்பத்துக்கு அதுதான் சரி என்று பட்டது. வேறு எதையும் யோசிக்கவில்லை.

மனைவி போய்ச் சில ஆண்டுகள் ஆகின்றன. அவள் இறந்த ஆண்டு முடிவதற்குள் தென்காசி வீட்டை விற்றுவிட்டு, குத்துக்கல்வலசையில் மனை வாங்கிச் சின்னதாக ஒரு வீடு கட்டினேன். பழைய வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. அந்த வீடு இல்லாமல் மகளால் இருக்க முடியவில்லை. அவள் பக்கம் நியாயம் இருந்தது. என் பக்கமும் இருந்தது, இன்றும் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். அவள் கொல்லத்தில் ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள், எனக்குச் சொல்லாமல் நம்பரை மாற்றினாள், பேசுவதை நிறுத்தினாள். புது வீட்டை அவள் பார்த்ததே இல்லை.

ஆனால் தன் தளத்தில் எழுதுவதை நிறுத்தவில்லை. அது என் கணக்கில் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். வேறு இடத்துக்குக் கொண்டுபோகவும் அவளுக்குத் தெரியும். கொண்டுபோகவில்லை. நானும் அதைப் பற்றி ஒரு வரி எழுதிக் கேட்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் சத்தமில்லாமல் புதுப்பிப்பேன். எங்களுக்குள் மிச்சமிருந்த பேச்சு அதுதான்.

அவள் எழுதுவதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். விடுதிச் சாப்பாடு, காயலில் விழும் மழை, பக்கத்து அறைப் பெண்ணின் குறட்டை. நான் அவற்றைப் படிக்கிற விதம் வேறு. 'கஞ்சி குடித்தேன்' என்றிருந்தால் காய்ச்சலா என்று கவலை. பத்து நாள் ஒன்றும் எழுதாவிட்டால் விபத்தா என்று கவலை. ஒருமுறை 'நாங்கள் அறை மாறினோம்' என்று எழுதியிருந்தாள். அந்த 'நாங்கள்' யார் யார் என்று ஒரு வாரம் யோசித்தேன். இப்படி அந்தத் தளத்தின் வழியாகத்தான் அவள் உண்டாள், உறங்கினாள், வேலைக்குப் போனாள் என்று எனக்குத் தெரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அது இல்லை.

வீட்டுக்கு வந்து ஹோஸ்டிங் நிறுவனத்தின் உதவிப் பெட்டியில் எழுதினேன். மறுமுனையில் யாரோ பொறுமையாகப் பதில் சொன்னார். முந்தின நாள் வெள்ளம் வந்து எல்லா அருவிகளிலும் தடை போட்டதால், விடுமுறைக்குக் கிளம்பியவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் என் தளத்தைத் திறந்திருக்கிறார்கள். எனக்கு ஒதுக்கிய அளவைத் தாண்டி சர்வரை இழுத்துவிட்டேனாம். அதே சர்வரில் இருக்கும் மற்றவர்களுக்கு இடைஞ்சலாம்.

அருவித் தளத்தை மூடியே வையுங்கள், என் மகளின் தளத்தை மட்டும் திறந்து விடுங்கள் என்று எழுதினேன்.

'உங்கள் சிரமத்தைப் புரிந்துகொள்கிறேன். ஒரே கணக்கில் உள்ள தளங்களைத் தனித்தனியாகத் திறக்க இயலாது.'

மகளின் தளத்துக்கு மாதாமாதம் எத்தனை பேர் வருகிறார்கள் பாருங்கள், என்னைத் தவிர நாலைந்து பேர்கூட இருக்க மாட்டார்கள், அதனால் யாருக்கு என்ன இடைஞ்சல் என்று கேட்டேன். மறுபடியும் என் சிரமத்தைப் புரிந்துகொண்டார். கோப்புகள் அழியவில்லை, பெரிய பிளானுக்கு மாறினால் திறக்கலாம், அல்லது வேறிடம் போவதாக இருந்தால் எடுத்துக்கொள்ள வழி செய்து தருகிறோம் என்றார். பேக்கப் எங்கே இருக்கிறது என்று தேடினால், நான் ஒழுங்காக வாராவாரம் எடுத்து வைத்த பேக்கப் எல்லாம் அதே கணக்குக்குள்ளேயே இருந்தது. வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துக் கதவைப் பூட்டியவன் கதை.

இதற்கு நடுவே போன் நிற்கவில்லை. அருவித் தளத்தில் என் நம்பரைப் போட்டு வைத்திருந்தது எவ்வளவு பெரிய வினை என்று அன்றுதான் தெரிந்தது.

"சார், அருவி சைட் சாரா? மெயினருவில குளிக்க விடுறாங்களா?"

"விடல சார்."

"ஐந்தருவி?"

"அங்கயும் தடைதான்."

"நாங்க ராஜபாளையம் தாண்டிட்டோமே சார். அப்ப எங்கதான் குளிக்கிறது?"

"வீட்டுலதான்."

இப்படியே எத்தனை பேர். யாரும் கெட்டவர்கள் இல்லை. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பியவர்கள், பாவம். ஆனால் என்னால் பேச முடியவில்லை. சாயங்காலம், எனக்குத் தெரிந்த நம்பர்களைத் தவிர வேறு எதுவும் ஒலிக்காதபடி போனை மாற்றி வைத்தேன். வீடு சட்டென்று அமைதியானது. எனக்குத் தெரிந்த நம்பர்காரர்கள் யாரும் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை உடம்பு சரியில்லை என்று கல்லூரியில் மூன்று நாள் விடுப்புச் சொன்னேன். தளம் இல்லாவிட்டாலும் பழக்கதோஷத்தில் காலையிலேயே குற்றாலம் போய்ப் படம் எடுத்தேன். எங்கே போடுவது? சிப்ஸ் கடை வாசலில் ஒதுங்கி நின்றேன். கடைக்காரர் கடையநல்லூர்க்காரர், வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர். சீசனுக்கு மட்டும் இங்கே கடை போடுவார். எண்ணெய்ச் சட்டியில் நேந்திரங்காயைச் சீவிக்கொண்டே கேட்டார்.

"என்ன அண்ணாச்சி, ஒங்க சைட்டு செத்துப்போச்சாம்லா?"

"சாகல பாய். நிறுத்தி வச்சிருக்காங்க."

"ரெண்டும் ஒண்ணுதானே. நேத்துலேர்ந்து கடைக்கு வாரவன்லாம் எங்கிட்ட கேக்கான், 'பாய், தண்ணி விழுதா'ன்னு. கழுத்த நீட்டுனா அருவி தெரியுது. அதப் பாக்க மாட்டான். போனப் பாத்துத்தான் குளிப்பான்."

"கூட்டம் கூடிட்டு. தாங்கல."

"கூட்டம் கூடுனா கும்மாளம்லா போடணும்? எங்கடைக்குக் கூட்டம் வந்தா நான் சட்டிய கவுத்திப்போட்டா ஓடுதேன்?" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு கை சிப்ஸை அள்ளித் தாளில் வைத்து நீட்டினார். "வேற எடம் பாருங்க அண்ணாச்சி. சீசனுக்கு லாட்ஜ் மாத்துத மாதிரிதானே? இதுக்குப் போயி மொகத்த இப்படி வச்சிருக்கிய."

லாட்ஜ் என்றதும் எனக்குத் தென்காசி வீடு நினைவுக்கு வந்துவிட்டது. சீசன் வந்தால் அந்த வீட்டை மகள் அப்படித்தான் சொல்லுவாள். வேனில் வந்து இறங்கும் உறவுக்காரர்களுக்கு முதலில் காலியாவது அவள் அறைதான். கட்டில் போகும், மேசை போகும். அவள் படுக்கை அடுக்களையில், கிரைண்டருக்குப் பக்கத்தில். வீட்டுப்பாடம் மாடிப்படியில். எட்டாவது படிக்கும்போது ஒருநாள் தன் அறைக் கதவில் சாக்பீஸால் 'ரூம் காலி இல்லை' என்று எழுதிவைத்தாள். வந்தவர்கள் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, உள்ளே போய்ப் பாய் விரித்துப் படுத்துக்கொண்டார்கள். நாங்களும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு திரும்பும்போது தோன்றியது, மறுபடியும் அதேதான் நடந்திருக்கிறது. சீசன் கூட்டத்துக்கு வீட்டைத் திறந்துவிட்டேன். எப்போதாவது ஒரு பக்கம் எழுதிக்கொண்டு ஓரமாக இருந்தவளுக்கு இடமில்லாமல் போய்விட்டது.

அதற்குப் பிறகு நான் பிளான் பார்த்த விதமே மாறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க 'சிறந்த பத்து ஹோஸ்டிங்' என்று போட்டிருந்த பக்கங்களைப் படித்துக் குழம்பியிருந்தேன். பத்தில் எட்டு பக்கங்கள் ஒரே நிறுவனத்தைத்தான் தலையில் தூக்கி வைத்திருந்தன; கீழே சின்ன எழுத்தில், நாம் வாங்கினால் எழுதியவருக்குப் பங்கு உண்டு என்றிருந்தது. எல்லாப் பிளானிலும் 'அளவற்ற' என்ற சொல் இருந்தது. அளவற்ற இடம், அளவற்ற தளங்கள், அளவற்ற வருகை. அந்தச் சொல்லின் தலையில் ஒரு நட்சத்திரக் குறி. குறியைத் தொடர்ந்து கீழே போனால் அளவு இருந்தது. சர்வரின் மூளையில் இவ்வளவுதான் உனக்கு, கோப்புகள் இத்தனைக்கு மேல் கூடாது என்று. நான் தினமும் ஏற்றும் அருவிப் படம் ஒவ்வொன்றையும் தளம் சிறிதும் பெரிதுமாக ஏழெட்டுப் படங்களாக வெட்டி வைத்துக்கொள்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். சமையலும் ரயிலும் மகளும் சேர்ந்து எடுத்த இடம் ஒரு மூலைகூட இல்லை. மற்றதெல்லாம் தண்ணீர்.

பெரிய பிளானுக்கு மாறிவிட்டால் நான்கும் மறுபடி சேர்ந்தே இருக்கும். ஆனால் அடுத்த வெள்ளத்துக்கு மறுபடி சேர்ந்தே விழும். நான்கையும் நான்கு கணக்காகப் பிரிக்கலாம். பிரித்தால் மகளுடையது தனிக் கணக்காகிவிடும், தனி மின்னஞ்சல் கேட்கும், ஒருநாள் அவளே புதுப்பித்துக்கொள்வாள், எனக்கு அங்கே வேலை இல்லை. நல்லதுதான். பாகம் பிரித்துக் கொடுப்பதுபோல. ஆனால் அந்தப் பொத்தானை அழுத்த எனக்கு மனம் வரவில்லை. நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனைவி இருந்தால் ஒரு வார்த்தையில் முடித்திருப்பாள். கேட்பதற்கு வீட்டில் ஓர் ஆள் இல்லை என்பது இதுமாதிரி சின்ன விஷயங்களில்தான் அதிகம் உறைக்கிறது.

செவ்வாய்க்கிழமை நான்கைந்து நிறுவனங்களின் விற்பனைப் பிரிவில் ஒரே கேள்வியை எழுதினேன். என் தளங்களில் ஒன்றில் திடீரென்று பெருங்கூட்டம் வந்தால், அதே கணக்கில் இருக்கும் மற்றவை நின்றுபோகுமா? ஒருவர் கவலையே வேண்டாம் என்றார். இன்னொருவர் தள்ளுபடி இன்றோடு முடிகிறது என்றார். ஒரே ஓர் இடத்திலிருந்து மட்டும், 'ஆமாம், நின்றுபோகும். கூட்டம் வரும் தளத்தை வேறாக வையுங்கள்' என்று பதில் வந்தது. நான் அங்கேயே வாங்கினேன்.

அவர்கள் சொன்ன வழியும் என் மனசுக்கு ஒத்துப்போனது. வெளியே அனுப்ப வேண்டியது மகளை அல்ல, சீசனை. அருவித் தளத்துக்கு மட்டும் பெரிய பிளான் ஒன்று. எவ்வளவு பேர் வந்தாலும் அவர்கள் பாடு, அருவி பாடு. மனைவியின் சமையல், ரயில், மகள் மூவருக்கும் இருப்பதிலேயே சின்னப் பிளான், சத்தமில்லாத இடத்தில். இந்த முறை பேக்கப் வெளியே, வேறோர் இடத்தில். வாங்கி முடித்ததும், பெரிய விருந்தை அனுப்பிவிட்டு வீட்டைக் கழுவி விட்டதுபோல இருந்தது.

பழைய இடத்திலிருந்து கோப்புகளை எடுத்துப் புது இடத்தில் வைத்து, முகவரிகளை மாற்றி எழுதினேன். இனி உலகமெங்கும் இருக்கிற கணினிகளுக்குப் புது முகவரி போய்ச்சேர வேண்டும். சில ஊர்களில் உடனே தெரியும், சில ஊர்களில் ஒரு நாள்கூட ஆகும் என்றார்கள். கொல்லத்துக்கு எப்போது போய்ச்சேரும் என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை.

புதன்கிழமை காலை சமையல் தளம் திறந்தது. அவியல் படத்தின் ஓரத்தில் மனைவியின் வளையல் கை தெரிந்தது. மகளின் தளம் இன்னும் வெள்ளையாகவே இருந்தது. தட்டுவதும் பார்ப்பதுமாக இருந்தேன். மதியம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. படம் கேட்டோ வழி கேட்டோ யாரோ அருவிக்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று நினைத்து எழுந்திருக்கவே இல்லை. கேட்டை யாரோ உலுக்கினார்கள்.

மகள். தோளில் ஒரு பை, தலைமுடி சாரலில் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. மெலிந்திருந்தாள். நான் வாசல்படியில் நின்றுவிட்டேன். அவள் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள்.

"ஒங்களுக்கு ஒண்ணும் இல்லல்லா?"

தலையை ஆட்டினேன்.

"பின்ன போன எடுக்க மாட்டியளா? ஞாயித்துக்கிழம ராத்திரிலேர்ந்து அடிக்கேன். மணியே அடிக்கல. காலேஜுக்குப் போட்டா, ஒடம்பு சரியில்ல, லீவுங்காங்க. சைட்டுமில்ல, போனுமில்ல, ஆளு லீவு. நான் என்னன்னு நெனைக்க?"

"சைட்ட... நீ பாப்பியாம்மா?"

"தெனமும் பாப்பேன். எழுதலேன்னாலும் தொறந்து பாப்பேன். அது ஓடுதுன்னா நீங்க இருக்கிய, நல்லாருக்கிய, கெட்டிக்காரத்தனமா ரினியூ பண்ணியிருக்கிய. அப்படித்தான் நெனச்சிக்கிடுவேன்." குரல் உடைந்தது. உடனே கோபமாக்கிக்கொண்டாள். "ஒங்க ரயில் சைட்டும் இல்லியா, வண்டி எப்பன்னே தெரியாம கொல்லம் ஸ்டேஷன்ல போயி உக்காந்திருக்கேன். இங்கன வந்தா வீடு எதுன்னு தெரியல. ஆட்டோக்காரர்ட்ட ஒங்க பேரச் சொன்னா முழிக்காரு. அருவி போட்டோ போடுதவருன்னதும், 'தண்ணி விழுதா அண்ணாச்சி வீடா, ஏறுங்க'ன்னுட்டாரு."

சிரிக்கப் போனேன். சிரிப்பு வரவில்லை, வேறென்னவோ வந்தது. கேட்டின் கொண்டியை எடுக்கக் கை வரவில்லை. அவளே கையை உள்ளே விட்டு எடுத்தாள். உள்ளே வராமல், அதுவரை பார்த்திராத அந்த வீட்டை, மாடியை, மூடியிருந்த ஜன்னல்களை ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"ரூம் காலி இருக்கா?"